குட்டிகள் நான்கும் க்ஷேமம்

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து வந்தது. பிழை என்னுடையது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியை நிதானமாக எழுதலாம் என்று தோன்றியதால் ஒப்புக்கொள்கிறேன்.

சேந்தமங்கலத்தில் சந்தை கூடும் நாட்களில், தபாலாபீசு வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது என் வேலை. எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ஜனங்கள் ரைட்டர் என்பார்கள். யுத்தம் வந்த பிறகு வேலை கூடிவிட்டது. முன்பெல்லாம் கல்யாணம், சாவு, பங்காளித் தகராறு இவற்றுக்குத்தான் கடிதம். இப்போது பட்டாளத்துக்குப் போனவர்களுக்கு மழை பெய்தால்கூட எழுத வேண்டியிருக்கிறது.

என் முறையைச் சொல்லிவிடுகிறேன். கதைக்கு அது முக்கியம். ஒரு தாளுக்கு இருபது வரி. முதல் ஆறு வரியை, எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எழுதி முடித்துவிடுவேன். வருஷம், மாதம், தேதி, யாருக்கு யார் எழுதிக்கொண்டது, இவ்விடம் இன்னார் இன்னார் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்குத் தெரிவிக்கவும். இதற்காக வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். ஏழாவது வரியில் "விசேஷம் யாதெனில்" என்று போட்டு, பேனாவை உதறிக்கொண்டு, "இப்போது சொல்லுங்கள்" என்பேன். கடைசியில் வரி மிச்சமானால் குறுக்கே கோடு இழுத்து அடைத்துவிடுவேன். வெற்று வரி விடுவது கிடையாது. விட்டால் வேறு யாராவது அதில் எதையாவது எழுதிவிடுவார்கள்.

இந்த முறையில் பதினோரு வருஷம் ஒரு தப்பும் நடக்கவில்லை. அல்லது நடந்தது எனக்குத் தெரியவில்லை.

2

கதை என்றால் தொடக்கம் நன்றாக இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: கொல்லிமலைக்குப் பின்னால் சூரியன் மெல்ல மறைந்துகொண்டிருந்த அந்த மாலை வேளையில்,

[விட்டுவிட்டேன். எங்கள் ஊருக்குக் கொல்லிமலை கிழக்கே இருக்கிறது. சூரியன் அந்தப் பக்கம் மறைந்தால் கதை எழுதுவதை நிறுத்திவிட்டுக் கலெக்டருக்கு மனு எழுத வேண்டும்.]

இரண்டாவது: தாய்மை என்பது

[இதற்கு மேல் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கதையில் வரும் தாய்க்கும் தெரியவில்லை.]

மூன்றாவது: சாலம்மாள் என்ற அபலைப் பெண் ஒருத்தி

[சாலம்மாளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு மூட்டைக் கடலைக்காயைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு மைல் நடந்து வந்து, மூட்டையை இறக்காமலே என்னோடு பேசியவள். அவளை அபலை என்று எழுதினேன் என்று தெரிந்தால் அந்த மூட்டையை என் மேல் இறக்குவாள்.]

ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

3

சுபானு வருஷம் ஆவணி மாதம். சந்தை நாள். மத்தியானம் திரும்பி, தபால் பை ஏறுகிற கரி பஸ் (யுத்தத்தில் பெட்ரோல் ஏது, கரி வாயுதான்) புகை விட ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் சாலம்மாள் வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"எங்கூட்டுக்காரருக்குங்க."

புருஷன் பெயர் பெரியசாமி. பட்டாளத்தில் ரோடு போடுகிற பிரிவு. எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. மேல்விலாசத்தில் ஊர்ப் பெயர் எழுதக் கூடாது, நம்பர்தான். நம்பரை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன்.

"வீட்டில் யார் யார்?"

"நானு. கருப்பி. அப்பறம் குட்டிக நாலு."

"கருப்பி யார்?"

"நாயிங்க. அவுரு வளத்தது. முந்தாநேத்துத்தான் குட்டி போட்டுது. ரெண்டு கருப்பு, ஒண்ணு செவலை, ஒண்ணுக்கு வால் நுனி வெள்ளைங்க."

பெரியசாமியின் கடிதங்களை அவளுக்கு வாசித்துக் காட்டுகிறவன் நான்தான். ஒவ்வொன்றிலும் முதலில் கருப்பி சௌக்கியமா என்று இருக்கும், பிறகுதான் நீ சௌக்கியமா என்று வரும். ஆகவே நாயைச் சேர்ப்பது முறைதான் என்று முடிவு செய்து எழுதினேன்: இவ்விடம் நானும் கருப்பியும், அது ஈன்ற கருப்பு இரண்டு, செவலை ஒன்று, வால் நுனி வெள்ளை ஒன்று ஆகக் குட்டிகள் நான்கும் க்ஷேமம்.

ஆறாவது வரியோடு சரியாக முடிந்தது. ஏழாவது வரி போட்டேன்.

"இப்போது சொல்லுங்கள்."

"கருப்பி குட்டிகளச் சேத்த மாட்டேங்குதுங்க," என்றாள் சாலம்மாள். "கிட்டக் கொண்டுபோனா பல்லக் காட்டுது. எந்திரிச்சுப் போயி வரப்புல படுத்துக்குது. மடி கல்லாட்டக் கட்டிக் கெடக்குது, ஒண்ணக்கூட அண்ட உடல. நேத்தெல்லாம் கத்துச்சுங்க குட்டிக. இன்னைக்கிக் கத்தறது கொறைஞ்சு போச்சு. அதுதானுங்க பயமா இருக்குது. என்ன பண்ணோணுமுன்னு அவுரக் கேட்டு எழுதுங்க."

நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

"இந்தக் கடிதம் போய்ச் சேர ஒரு மாதம் ஆகும். பதில் வர இன்னொரு மாதம்."

"அதுக்குள்ள?"

சாலம்மாள் தாளைப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவர்கள் தாளைப் பார்க்கும்போது எதையோ தேடுகிற மாதிரி இருக்கும்.

"மேல என்னுங்க எழுதியிருக்குது?"

வாசித்தேன்.

"க்ஷேமமுன்னா?"

"நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம்."

"குட்டிக நல்லா இருக்குதுன்னு யாருங்க சொன்னா?"

"யாரும் சொல்லவில்லை. அப்படி எழுதுவது வழக்கம்."

"அடிச்சுப் போடுங்க."

அடிக்க முடியாது என்று விளக்கினேன். பட்டாளத்துக்குப் போகிற கடிதத்தை நடுவில் ஒரு அதிகாரி பிரித்துப் படிப்பார். அடித்த வரியைக் கண்டால் அதில் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று கடிதத்தையே நிறுத்திவிடுவார். புதிதாக எழுதலாம் என்றால் யுத்தத்தில் தாள் கிடைக்காத காலம், அன்றைக்கு என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். பஸ் கொம்பு ஊதியது.

அவள் மூட்டையை ஒரு கையால் சரிசெய்துகொண்டாள்.

"அப்பிடின்னா அப்பிடியே இருக்கட்டுமுங்க. நாயி சேத்தலங்கறத எழுதாதீங்க. குண்டு உழுகற எடத்துல உக்காந்துட்டு அவுரு எதுக்கு இத நெனைக்கோணும்? மழை பேஞ்சதுன்னு எழுதுங்க."

"ஆனால் மேலே எழுதினது..."

"அதுதான் எழுதியாச்சுங்களே. நானு போயிப் பாத்துக்கறேன்."

அதை அவள் எனக்குச் சமாதானமாகச் சொன்னாள் என்று அன்றைக்கு நினைத்தேன். இல்லை. கூலிக்குப் போகிறவர்கள் காலையில் வேலையைக் கேட்டுக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி கேட்டுக்கொண்டு போயிருக்கிறாள். ஆறாவது வரியில் எழுதியிருப்பதை அந்தக் கடிதம் போய்ச் சேருவதற்குள் செய்து முடிப்பது அவள் வேலை.

மீதி பதிமூன்று வரிக்கும் மழையை எழுதினேன். அவ்வளவு மழை அந்த வருஷம் பெய்யவில்லை.

4

இனி வருவதை நான் கண்ணால் பார்க்கவில்லை. பிற்பாடு சாலம்மாள் சொன்னதும், ஆராயி சொன்னதும், நானாக வைத்துக்கொண்டதும் கலந்திருக்கின்றன. எது எது என்று பிரித்து எழுதினால் கதை கணக்குச் சிட்டை மாதிரி ஆகிவிடும்.

சாலம்மாள் இருந்தது ஊருக்கு வெளியே தோட்டத்துச் சாளையில், அதாவது குடிசையில். கூரைச் சாளை, பக்கத்தில் சோளத்தட்டுப் போர், போருக்கு அடியில் கருப்பி குட்டி போட்ட குழி. குழியில் நான்கு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கருப்பி பத்தடி தள்ளி வரப்பில், முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.

கடலைக்காயைச் சந்தையில் போட்டுவிட்டு வந்த சாலம்மாள் வெறுஞ்சாக்கை உதறும்போதே ஆராயி வேலிக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தாள். ஆராயி வெள்ளாடு வைத்திருந்தவள். சாலம்மாளைவிட இருபது வயது மூத்தவள்.*

"ஏம்மிணி, கடுதாசி போட்டுட்டு வந்தயா? நாயி படிச்சுப் பாத்துட்டு மனசு மாறிடுச்சா?"

"சும்மா இருங்கக்கா. ஆட்டுப்பால் கொஞ்சம் கறந்து குடுங்க."

"குடுக்கறேன். என்ன குத்தமுன்னு பாக்காம பால ஊத்தி என்ன பண்ணுவ?"

ஆராயி வேலியைத் தாண்டி வந்து, குழியில் கைவிட்டு ஒரு குட்டியை எடுத்தாள். எடுத்த கையோடு மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"இதென்னடி வசம்பு வாசம்?"

ஆராயி குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குட்டியின் வயிறு மஞ்சளாக இருந்தது. தொப்புளில் வசம்பு அரைத்துப் பூசியிருந்தது. நெற்றியில் பொட்டு இருந்தது.

"பொறந்ததுக்கெல்லாம் செய்யறதுதானுங்கக்கா," என்றாள் சாலம்மாள். "மஞ்சத் தண்ணி வெதுவெதுன்னு வெச்சு ஊத்துனேன். குளுராம தொடச்சுத்தான் உட்டேன்."

"இதென்ன, சுண்ணாம்புப் பொட்டு?"

"கண்ணுபடாம இருக்கறதுக்குங்க. கருப்புக் குட்டிக ரெண்டுக்கும் மைப்பொட்டு வெச்சாத் தெரியல."

ஆராயி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நின்றுகொண்டு சிரிக்க முடியவில்லை அவளுக்கு.

"நாய்க்குட்டிக்குச் சீர் செஞ்ச மகராசி இந்தச் சீமையிலயே நீ ஒருத்திதாண்டி! அது மூக்கால பாக்கற சாதி. தன்ற வாசமிருந்தாத்தான் தன்ற குட்டி. பெத்த நாலையுங் காணம், எவளோ நாலு மஞ்சக்கெழங்கக் கொண்டாந்து போட்டுட்டாளேன்னு அது வயிறெரிஞ்சு படுத்துக் கெடக்குது. அதுங்கிட்டப் போயி உனக்குப் புள்ளப் பாசமில்லையான்னா கேப்ப?"

சாலம்மாள் கேட்டிருந்தாள். முதல் நாள் சாயங்காலம், விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தாள். அதை ஆராயியிடம் சொல்லவில்லை.

"குட்டி போட்ட எடத்துச் சோளத்தட்டெல்லாம் எங்க?"

"ரெத்தமும் நெணமுமா இருந்துச்சுங்க. கூட்டிக் குப்பையில கொட்டிட்டேன்."

"அது வேறயா! போயிப் பொறுக்கிட்டு வா."

* இந்த ஆராயியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இவள் எனக்கு மிகவும் வசதியாக வருகிறாள். தேவைப்படும்போது வேலிக்கு அப்பால் நிற்கிறாள், தேவையானதைத் தெரிந்து வைத்திருக்கிறாள். இவளை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். சாலம்மாள் தானாகவே எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. அது இன்னும் பொய்யாக இருந்தது. அத்தோடு ஆராயி நிஜமாகவே இருக்கிறாள், சந்தையில் என்னைக் கண்டால் "என்ன ரைட்டரே, இன்னைக்கி யாரு ஊட்டு நாயி க்ஷேமம்?" என்று கேட்கிறாள். ஆகையால் இருக்கட்டும்.

5

தாய் நாய் குட்டிகளைச் சேர்க்காவிட்டால் என்ன செய்வது என்று வாசிக்கிறவர்களில் யாருக்காவது தெரிய வேண்டியிருக்கலாம். அவர்களுக்காக வரிசைப்படி எழுத நினைத்தேன்.

ஒன்று: சூடு. பசியைவிடக் குளிர்தான் முதலில் கொல்லும். மணலை வறுத்துத் துணியில் முடிந்து, மேலே சாக்குப் போட்டு, அதன்மேல் குட்டிகளை வைக்க வேண்டும். கையால் தொட்டால் நமக்குச் சுடக் கூடாது.

இரண்டு: பால். வெள்ளாட்டுப் பாலை வெதுவெதுப்பாக்கித் துணித் திரியில் நனைத்துச் சப்பக் கொடுக்க வேண்டும். குட்டியைக் குப்புறப் பிடித்துத்தான் கொடுக்க வேண்டும். மல்லாத்திப் பிடித்தால் பால் மூச்சுக்குழலில் போய்விடும்.

மூன்று: தாய் நக்கினால்தான் குட்டிக்கு ஒன்றுக்கு வரும். நக்காத குட்டி வயிறு ஊதிச் சாகும். ஆகவே ஈரத் துணியால் அடிவயிற்றைத் தடவித்தடவி

[வரிசைப்படி எழுதினால் எல்லாம் சுலபமாகத் தெரிகிறது. நான்கு குட்டிக்கும் இந்த மூன்றையும் முடித்து நிமிர்ந்தால் மறுபடி முதல் குட்டிக்குப் பசி வந்துவிடும். ராத்திரியிலும் இப்படித்தான். ராத்திரிகளை நான் விட்டுவிடுகிறேன்.]

நான்காவதுதான் முக்கியம். அது வாசத்தைத் திரும்பக் கொண்டுவருவது. ஆடு தன் குட்டியை உதைத்துத் தள்ளினால் ஆராயி என்ன செய்வாளோ அதையே செய்தார்கள். மஞ்சளை வெந்நீர்த் துணியால் வழித்தார்கள். குப்பையிலிருந்து பொறுக்கி வந்த சோளத்தட்டில் குட்டிகளைப் புரட்டினார்கள். பிறகு கருப்பியின் பாலையே பீய்ச்சி அவற்றின் முதுகிலும் வாலடியிலும் தடவ வேண்டும் என்றாள் ஆராயி. அதற்குக் கருப்பி இசைய வேண்டும். இசையவில்லை. சாலம்மாள் அதன் தலையைப் பிடித்தாள், பெருவிரலில் கடி வாங்கினாள்.

"உங்கிட்ட எதுக்கு நிக்கும்? ரெண்டு வருசமா சோறு போட்டயே தவிர ஒரு நாள் தலையத் தடவியிருப்பயா?" என்றாள் ஆராயி. "அவன் என்னன்னு கூப்புடுவான் அத?"

சாலம்மாளுக்கு அது தெரியும். சொல்லக் கூச்சமாக இருந்தது. பெரியசாமி கருப்பியைத் தங்கம் என்று கூப்பிடுவான். சாலம்மாளை அவன் ஏய் என்றுதான் கூப்பிடுவான்.

அவள் சாளைக்குள் போய்ப் பெரியசாமியின் கம்பளியை எடுத்து வந்தாள். அவன் போன நாளிலிருந்து அது துவைக்காமல் மடித்த மடிப்பில் இருந்தது. [ஏன் துவைக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கதைக்கு வேண்டும் என்று கேட்டிருக்கலாம்.] கம்பளியைத் தரையில் விரித்தாள். கருப்பி வரப்பிலிருந்து எழுந்து வந்தது. கம்பளியை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மோந்தது. பிறகு நடுவில் ஒரு சுற்றுச் சுற்றிப் பக்கவாட்டில் படுத்து, கம்பளியின் நுனியில் மூக்கை வைத்துக்கொண்டது.

"இப்பக் கூப்புடு," என்றாள் ஆராயி.

"தங்கம்," என்றாள் சாலம்மாள், யாருக்கும் கேட்காத மாதிரி.

ஆராயி பால் பீய்ச்சினாள். கருப்பி பல்லைக் காட்டவில்லை. காட்டாதது மட்டும்தான். குட்டிகளை அது திரும்பியும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பார்த்தது. நான்காம் நாள் காலை கருப்புக் குட்டி ஒன்றைச் சாலம்மாள் தாயின் மடியில் கொண்டுபோய் வைத்தபோது, கருப்பி குனிந்து அதன் நெற்றியை நக்கியது. சுண்ணாம்புப் பொட்டு போயிற்று. பிறகு மற்றக் கருப்பு, மத்தியானம் வால் நுனி வெள்ளை. ஆராயி ஆடு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். சாலம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

செவலை மட்டும் சப்பத் தெம்பில்லாமல் இருந்தது. ஐந்தாம் நாள் விடியும்போது அதைக் கையில் எடுத்தவள்,

6

பதில் ஐப்பசி கடைசியில் வந்தது. நானே வாசித்தேன். வழக்கம்போல நடுவில் நான்கைந்து வரியில் அதிகாரி கறுப்பு மை தடவியிருந்தார். மை தடவாத இடத்தில் இப்படி இருந்தது:

நான் க்ஷேமம். கருப்பி குட்டி போட்ட சேதி கண்டு மிகுந்த சந்தோஷம். நான் இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். இடது காலில் காயம். காலை எடுக்க வேண்டியிருக்குமா என்று டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பயப்பட வேண்டாம். இங்கே நம் பக்கத்து ஆட்கள் நாலு பேர் ஒரே வரிசையில் படுத்திருக்கிறோம். உன் கடிதத்தைத் தினம் ஒரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறோம். குட்டிகள் நாலையும் நாலு பேரும் பிரித்துக்கொண்டோம். எனக்கு வால் நுனி வெள்ளை. நாமகிரிப்பேட்டை ஆண்டிக்கும் ரங்கனுக்கும் கருப்பு. திருச்செங்கோட்டுப் பக்கத்துச் சின்னானுக்குச் செவலை. சின்னானுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. அவன் தினம் செவலை இப்போது எவ்வளவு பெரிசு இருக்கும் என்று கேட்கிறான். அடுத்த கடிதத்தில் எழுதவும்.

வாசித்து முடித்தேன். சாலம்மாள் தாளின் மேல் பக்கத்தைக் காட்டினாள்.

"மொதல் வரி இன்னொருக்கா படிங்க."

"நான் க்ஷேமம்."

"அது நீங்க எழுதறதுதானே? குட்டிகளுக்கு எழுதுனீங்களே?"

"அதே வார்த்தைதான். அங்கேயும் யாராவது ரைட்டர் இருப்பார்."

"காலு போகுமோ என்னமோன்னு இருக்கறப்ப க்ஷேமமுன்னு எழுதியிருக்குது."

"அது வழக்கம் அம்மா."

அவள் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

"அவுரும் எழுதிப் போட்டுட்டுத்தான் பொழைக்கப் பாக்கறாராட்ட இருக்குதுங்க," என்றாள்.

பிறகு பதில் எழுதினோம். நான் தலைப்பு போட்டு, முறைப்படி, "வீட்டில் யார் யார்?" என்று கேட்டேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகப் பேனாவைத் தாளில் வைக்காமல் கேட்டேன்.

"அதே ஆளுகதாங்க," என்றாள்.

"குட்டிகள் நான்கும்..."

"க்ஷேமமுன்னு எழுதுங்க. செவலை சாண் ஒசரம் இருக்குதுன்னு எழுதுங்க."

எழுதினேன்.

7

கதையின் இந்த இடத்தில் வாசகர் என்னைக் கேட்கலாம்: செவலை இருந்ததா, இல்லையா?

எனக்குத் தெரியாது. நான் போய்ப் பார்க்கவில்லை. என் வேலை தபால் பெட்டியோடு முடிந்துவிடுகிறது. என்னிடம் இருக்கும் சாட்சியம் இவ்வளவுதான். கார்த்திகை மாதச் சந்தையில் ஆராயி சொன்னாள்: "நாலா? மூணு நாயி கொரைக்கறதுதான் எனக்குக் கேக்குது." ஆராயி ஆடுகளைச் சத்தத்திலேயே எண்ணுகிறவள். அதே சந்தையில் சாலம்மாள் என்னிடம் வந்து, பார்சல் கட்டுகிற சணல் கயிறு கிடைக்குமா, குட்டிகளின் கழுத்துக்குக் கட்ட வேண்டும் என்றாள். எத்தனை என்றேன். நாலு என்றாள். நாலு துண்டு அறுத்துக் கொடுத்தேன்.

முடிவு மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) செவலை ஐந்தாம் நாளே போய்விட்டது. சாலம்மாள் அதைப் போருக்குப் பின்னால் புதைத்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் நான்கு குட்டிக்கும் கயிறு வாங்குகிறாள். [இதை எழுதியபோது எனக்கே தொண்டை அடைத்தது. அதனால் சந்தேகம் வந்தது. எழுதுகிறவனுக்கு இவ்வளவு சுகமாக இருக்கும் முடிவு உண்மையாக இருக்குமா?]

(ஆ) செவலை பிழைத்தது. மற்ற மூன்றும் குரைக்கும்போது அது குரைப்பதில்லை, அவ்வளவுதான். [இதை இரண்டே நிமிஷத்தில் எழுதினேன். கை தானாக ஓடியது.]

(இ) செவலை போய்விட்டது. சாலம்மாள் ஊரெல்லாம் தேடி, அதே நிறத்தில் இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து கருப்பியிடம் விட்டாள். வாசத்துக்குத்தான் வழி தெரியுமே. [இது கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. ஆராயியிடம் சொன்னேன். "ஏனுங்க, கெடச்சிருந்தா நானே கொண்டாந்து குடுத்திருப்பனே," என்றாள். இதற்கு என்ன அர்த்தம் என்று அவளிடம் கேட்பதற்குள் அவள் ஆடு ஒன்று கீரைக்காரி கூடையில் வாய் வைத்துவிட்டது.]

(ஆ)வை வைத்து முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பிறகு யோசித்தேன். இந்தக் கையால் ஆயிரக்கணக்கான தரம் க்ஷேமம் என்று எழுதியிருக்கிறேன். செத்தவர் வீட்டுக் கடிதத்திலும் மற்றவர்கள் க்ஷேமம் என்று எழுதியிருக்கிறேன். இந்தக் கைக்கு வேறு முடிவு பழக்கமில்லை. இதை நம்பி ஒரு நாய்க்குட்டியை விடக் கூடாது.

8

தை மாதம், சந்தை நாள், நல்ல வெயில். ஒரு ஆள் வேப்பமரத்தடிக்கு வந்தான். காக்கிச் சட்டை, வேட்டி. வலது கண் மூடித் தைத்திருந்தது. இடது கண்ணால் என்னை நன்றாகப் பார்த்தான்.

"ரைட்டருங்களா? சாலம்மா ஊடு எங்கீங்க? நானு சின்னான். செவலை நம்மளுதுங்க."

நான் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தேன். சந்தை நாளில் பட்டப்பகலில் நான் பேனாவை மூடியது அன்றைக்கு மட்டும்தான்.

வழி காட்டுகிறேன் என்று கூட நடந்தேன். இரண்டு மைல். கால் தேறிவிட்டது, பெரியசாமி கம்பு ஊன்றி நடக்கிறான், சித்திரையில் வந்துவிடுவான் என்று சின்னான் சொன்னான். பெரியசாமி கடிதத்தின் முதல் வரி ஒருவழியாக உண்மையாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். சின்னான் கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தான். என்ன என்றேன். பிரித்துக் காட்டினான். நாயின் கழுத்துக்குத் தோல் பட்டை, பித்தளை வளையம் கோத்தது, அவனே தைத்தது.

"ஏன் செவலையைக் கேட்டீர்கள்?" என்றேன்.

"கட்டுப் போட்டிருக்கறப்ப எந்நேரமும் கருப்புத்தானுங்க. கருப்புக்குட்டின்னு படிச்சப்ப ஒண்ணுந் தெரியல. செவலைன்னு படிச்சாங்க பாருங்க, அப்ப நெறம் ஒண்ணு உள்ள வந்துச்சு. அத உட்டறக் கூடாதுன்னு நாந்தான் மொதல்ல கேட்டு வாங்கிட்டேன்."

சாளை தெரிய ஆரம்பித்தது. தட்டுப் போர் பாதியாகக் குறைந்திருந்தது. நாய்கள் குரைத்தன. எண்ணப் பார்த்தேன். ஆராயிக்குத்தான் அது வரும், எனக்கு வரவில்லை. சோளக்காட்டு ஓரத்தில் நான் நின்றுவிட்டேன்.

"வாங்க போலாம்."

"நீங்கள் போங்கள். நான் இது வரைதான்."

அவன் போனான். சாலம்மாள் படலைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அந்த ஒற்றைக் கண்ணையும் காக்கிச் சட்டையையும் பார்த்ததுமே யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சோளத்துக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அவள் தோளும் தலையும்தான் தெரிந்தன, காலடியில் இருந்தது எதுவும் தெரியவில்லை.

"சின்னாண்ணனுங்களா? வாங்க சாமி. தண்ணி குடிங்க."

"குட்டிங்க?"

"இருங்க. கூப்புடறேன்."

திரும்பிப் போருக்குப் பின்பக்கம் பார்த்து நின்றாள். பிறகு, தங்கம் என்று யாருக்கும் கேட்காமல் கூப்பிட்ட அதே சாலம்மாள், காடு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்.

"செவலே! அடேய் செவலே, ஓடி வா!"

நான் அந்த இடத்திலேயே திரும்பி நடந்துவிட்டேன்.

கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன். கோடு இழுக்கவில்லை.